பிட்டத் தசையை வேலைக்குக் கொண்டுவருவது எப்படி: ஒரு காரைக்குடித் தையல்காரனின் குறிப்புகள்

காரைக்குடியில் 27 வருஷமாகப் பேண்ட் தைக்கிறேன். இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், உயரம் என்று வரிசையாக அளவு எடுப்போம். இதில் சீட் என்பது பிட்டத்தின் சுற்றளவு. பழைய வாடிக்கையாளர்களின் அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. அவற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு இடுப்பு அளவு ஏறிக்கொண்டே போகும், சீட் அளவு நின்ற இடத்தில் நிற்கும், சிலருக்குக் குறையவும் செய்யும். "பின்னாடி தொங்குது, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று பேண்ட் திரும்பி வரும். துணியைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். உள்ளே இருக்க வேண்டிய சதை எங்கே போயிற்று என்று நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது 2019 தைப்பூசம். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து போகும்போது எங்கள் தெருவிலிருந்தும் கொஞ்சம் பேர் பின்னால் நடப்போம். 150 கிலோமீட்டருக்கு மேல். அந்த வருஷம் சிங்கம்புணரி தாண்டும்போதே வலது முட்டியின் வெளிப்பக்கம் இழுத்தது. நத்தம் வருவதற்குள் இடுப்பும் சேர்ந்துகொண்டது. திண்டுக்கல்லில் நடையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினேன். முருகனைப் பார்த்தேன்தான், ஆனால் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன் என்பது அடுத்த தை வரைக்கும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊருக்கு வந்தபின் ஓரிடத்தில் முட்டிக்கு உறை கொடுத்து அனுப்பினார்கள். வலி போகவில்லை. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். அவர் முட்டியைத் தொடுவதற்கு முன் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, காலை நீட்டியபடி ஒரு சாண் மேலே தூக்கச் சொன்னார். ஒரு விரல் தொடையின் பின்பக்கம், ஒரு விரல் பிட்டத்தில், ஒரு விரல் இடுப்புக்கு மேல் முதுகில். "அண்ணே, தொடை இழுக்குது, முதுகு இழுக்குது. நடுவுல இருக்கறது கடைசியா, பேருக்குத்தான் வருது" என்றார். தினமும் பத்து மணி நேரம் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் தலையாட்டினார்.

அவரிடம் கற்றுக்கொண்டதையும், நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இந்த இடத்தைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தாலேயே இடுப்பு வலி, முட்டி வலி என்று வேறு பெயரில் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தசை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பேண்டின் பின் பாக்கெட் உட்காரும் இடம் முழுக்க குளூட்டியஸ் மாக்ஸிமஸ். உடம்பிலேயே பெரிய தசை இதுதான். தொடையைப் பின்னால் தள்ளுவது, உட்கார்ந்த உடம்பை எழுப்புவது, படி ஏற்றுவது எல்லாம் இதன் வேலை. சமதரையில் மெதுவாக நடக்கும்போது இதற்குப் பெரிய வேலை கிடையாது. அதனால்தான் தினமும் நடக்கிறவர்களுக்கும் இது பலவீனமாக இருக்கும். இரண்டாவது குளூட்டியஸ் மீடியஸ். சைடு பாக்கெட்டின் மேல் முனைக்குச் சற்று மேலே, கொஞ்சம் பின்பக்கமாகக் கையை வையுங்கள், அங்கே இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது இது. நடையில் ஒவ்வோர் அடியும் ஒற்றைக் கால்தான். இதற்கு அடியில் மினிமஸ் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது, அதுவும் இதே வேலைக்குத்தான்.

தசை தூங்கிவிட்டது, செத்துவிட்டது என்று ஜிம்மில் பையன்கள் பேசுகிறார்கள். நரம்பு அறுந்துபோனால் தவிர எந்தத் தசையும் முழுதாக அணைவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதைப் 'பிட்ட மறதி' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். மறதி என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வேலைக்கு ஆள் இருக்கிறார், ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் அவர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து பழகிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள்தான் தொடைப் பின்தசையும் கீழ்முதுகும்.

சரி, உங்களுக்கு எப்படி என்று பார்க்க ஒரு சோதனை. பெல்ட் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு காலை மடக்கித் தூக்கி, 20 எண்ணும்வரை ஒற்றைக் காலில் நில்லுங்கள். பெல்ட் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இடது காலைத் தூக்கும்போது இடப்பக்கம் பெல்ட் கீழே இறங்கினால் பலவீனம் வலது மீடியஸில், அதாவது நிற்கும் காலின் பக்கம். இதை 1895-இல் ஃப்ரீட்ரிக் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரித்தார். இன்றும் டாக்டர்கள் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். எனக்கு வலதில் நின்றபோது பெல்ட் நன்றாகவே சரிந்தது. வலித்ததும் வலது முட்டிதான். இன்னொன்றும் அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னார்: பெல்ட் சரியாமல், நெஞ்சை மட்டும் நிற்கும் காலின் பக்கம் சாய்த்துச் சமாளித்தாலும் அதே அர்த்தம்தான்.

இனி பயிற்சி. கட்டிலில் செய்யாதீர்கள், மெத்தை அமுங்கிவிடும். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை. அதில் வெறும் குதிகால் வழுக்கும், அதனால் ஜமுக்காளம் விரித்துக்கொள்வேன். கடை திறப்பதற்கு முன் பத்து நிமிஷம் போதும்.

முதல் வாரம் தசையைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் வேலை. குப்புறப் படுத்து, நெற்றிக்குக் கீழே கைகளை வைத்துக்கொள்ளுங்கள். வலது பிட்டத்தை மட்டும் இறுக்கிப் பிடித்து 5 எண்ணி, விடுங்கள். பிறகு இடது. பக்கத்துக்கு 10 முறை. இரண்டும் சேர்ந்தே இறுகும், தொடையும் சேர்ந்து விறைக்கும், பரவாயில்லை. விரல் நுனியைப் பின் பாக்கெட் இருக்கும் இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும். தொட்டுப் பார்க்கும்போது மனசு அங்கே போகிறது. எனக்கு வலது பக்கம் தனியாக இறுக ஒன்பது நாள் ஆயிற்று. பிடிபட்ட பிறகு இதற்குப் படுக்கவே தேவையில்லை, பேங்க் வரிசையில் நிற்கும்போதும் செய்யலாம்.

அடுத்தது பாலம். இதில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள், இதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இரு பாதமும் இடுப்பின் அகலத்துக்கு. மேலே தூக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். அடிவயிற்றை உள்ளே இழுத்து, அந்தச் சந்து மூடும்படி முதுகைத் தரையில் படிய வையுங்கள். பெல்ட் பக்கிள் முகத்தைப் பார்த்துத் திரும்புவது போல இருக்கும். இதை விடாமல், பிட்டத்தை முதலில் இறுக்கி, பிறகு குதிகாலால் தரையை அழுத்தி எழும்புங்கள். தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரு நேர்கோட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலே தூக்கினால் தூக்குவது முதுகு. 5 எண்ணி, மெதுவாக இறங்குங்கள். 10 முறை, நடுவில் ஒரு நிமிஷம் இளைப்பாறி இரண்டு சுற்று.

மேலே நிற்கும்போது உங்களையே கேளுங்கள்: எங்கே இழுக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நூறு முறை செய்தாலும் பழைய ஆட்களே வேலையைச் செய்துவிட்டுப் போவார்கள்.

தொடையின் பின்பக்கம் இழுத்தால், அல்லது குரக்களி பிடித்தால், பாதம் தூரத்தில் இருக்கிறது. குதிகாலைப் பிட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் ஒரு சாண் இடைவெளி பெரும்பாலோருக்குச் சரியாக வரும். முட்டி மடங்க மடங்கத் தொடைப் பின்தசை சுருங்கிவிடும், அதற்கு இழுக்கும் பலம் குறையும். அப்போது பிட்டம் வந்தே ஆக வேண்டும். குதிகாலைத் தரையில் தேய்த்துக் கால்விரல் இருக்கும் பக்கமாகத் தள்ளுவது போல நினைத்துக்கொண்டாலும் உதவும், நிஜத்தில் கால் நகராது. முன் தொடையில் இழுத்தால், கால்விரலில் ஊன்றுகிறீர்கள். விரல்களைத் தூக்கிவிட்டுச் செய்யுங்கள். கீழ்முதுகில் இழுத்தால், அந்தச் சந்து திறந்துவிட்டது. கீழே வந்து, வயிற்றைப் பிடித்து, இன்னும் குறைந்த உயரத்துக்குத் தூக்குங்கள். எனக்கு முதலில் தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான் சரியாக வந்தது. கூச்சப்படாமல் அந்த நாலு விரலிலேயே பத்து நாள் செய்தேன்.

இது சுலபமானபின் முட்டிக்குச் சற்று மேலே எலாஸ்டிக் வளையம் மாட்டிக்கொண்டு, முட்டியை வெளியே தள்ளியபடி செய்யுங்கள். கடையில் ரப்பர் வளையம் கிடைக்கிறது. நான் என்னிடம் இருந்த இரண்டு அங்குல அகல எலாஸ்டிக்கை இரண்டாக மடித்து, முட்டி இரண்டையும் இடுப்பகலத்தில் வைத்துச் சுற்றி அளந்து, அதில் கால்வாசியைக் குறைத்துத் தைத்துக்கொண்டேன். முனைகளை ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பெட்டி போலத் தைத்து நடுவில் குறுக்காக ஓட்டினால் பிரியாது. உடுப்புக்குப் போடும் ஒல்லி எலாஸ்டிக் வேண்டாம், தொடையை அறுக்கும்.

மீடியஸுக்கு இரண்டு. ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடி மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறந்து மூடுவது ஒன்று. இதில் இடுப்பு பின்னால் உருண்டுவிடும், அப்படி உருண்டால் முட்டி அழகாக மேலே போகும், ஆனால் பலன் இல்லை. சுவரில் முதுகையும் பிட்டத்தையும் ஒட்டிப் படுத்துக்கொண்டால் உருள முடியாது. மற்றது, அதே நிலையில் மேல் காலை நேராக நீட்டி, குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலே தூக்குவது. கால்விரல் மேலே பார்க்கக் கூடாது. நேராகவோ சற்றுக் கீழேயோ பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் முன்தொடைத் தசைகள் வந்துவிடும். ஒன்றரை அடி உயரம் போதும். பன்னிரண்டு முறைக்குள் சைடு பாக்கெட்டுக்கு மேலே எரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

குனிவதற்கும் முறை இருக்கிறது. துணி அளக்கும் மீட்டர் கம்பியை முதுகில் நெடுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு, இந்த மூன்று இடத்திலும் கம்பி பட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்துவது போல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். மூன்று இடமும் விடாமல் எவ்வளவு குனிய முடிகிறதோ அவ்வளவுதான் உங்கள் அளவு. எழும்போது பிட்டத்தை இறுக்கி முன்னால் கொண்டுவாருங்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எதைத் தூக்கினாலும் இந்தக் குனிதல்தான். நான் துணி பேல் தூக்குவதை இதன்படி மாற்றினேன், காலை நேர முதுகுப் பிடிப்பு ஒரு மாதத்தில் போயிற்று.

எங்கள் கடைக்குப் பின் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில், அந்தப் பெரிய வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை அவர் ஒருவர்தான். ரவிக்கைக்குக் கொக்கி மாற்ற வந்தவர், நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தினார். "எந்திரிக்கத்தான் முடியல தம்பி, நடந்தா நடந்துருவேன்" என்றார். அவரை எப்படித் தரையில் படுக்கச் சொல்வது? உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாக்கினோம். அவர் வீட்டுத் திண்ணை உயரமானது. உயரத்தில் உட்கார்ந்தால் எழுவது சுலபம் என்பதால் அதில் தொடங்கினார். நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்து, நெஞ்சை முன்னே சாய்த்து, குதிகாலை அழுத்தி எழ வேண்டும். நின்றதும் பிட்டத்தை ஒரு முறை இறுக்க வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். பக்கத்தில் தூண் இருந்தது பிடித்துக்கொள்ள. காலையில் 8, மாலையில் 8. பிறகு நாற்காலி, அதற்குப் பிறகு வளவில் கிடந்த தாழ்வான முக்காலி. ஆறு வாரம் கழித்துப் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டே எழுந்து காட்டினார்.

என் அக்கா மகன் கதை இதற்கு நேர் எதிர். 60 கிலோ தோளில் வைத்து, உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போடுகிறவன். "மாமா, எனக்குத் தொடைதான் வலிக்குது, பின்னாடி ஒண்ணுமே தெரியல" என்றான். போடுவதைப் பார்த்தேன். முட்டி முதலில் முன்னே போகிறது, கால்வாசி இறங்கி எழுந்துவிடுகிறான், எழும்போது முட்டிகள் இரண்டும் உள்ளே சேர்கின்றன. எடையைப் பாதியாக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தொடங்கச் சொன்னேன். தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்க வேண்டும், முட்டி கால் சுண்டுவிரலின் திசையில் போக வேண்டும். தொடங்குவதற்கு முன் எலாஸ்டிக்கோடு பாலம் 15, பக்கவாட்டு நடை இரு பக்கமும் பத்துப் பத்து அடி. மூன்று வாரத்தில் வித்தியாசம் சொன்னான். இளவட்டங்களுக்கு ஒன்று: இந்தப் படுக்கைப் பயிற்சிகள் தசையைப் பழக்குவதற்குத்தான். பழகியபின் எடை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சதை வளராது. உணர்வு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும், சதையும் பலமும் கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். அதனால் முதல் இரண்டு வாரம் தினமும் லேசாகச் செய்துவிட்டு, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் கடினமாகச் செய்தால் போதும்.

உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கமும் இறுகிக் கிடக்கும். ஒரு முட்டியைத் தலையணையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னே வைத்து, ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி அப்படியே அரை நிமிஷம் இருங்கள். அந்தப் பக்கத்துத் தொடையின் மேல்மடிப்பில் இழுக்கும். பிட்டத்தை இறுக்காமல் முன்னே சாய்ந்தால் முதுகுதான் வளையும். என் கடையில் இஸ்திரிப் பெட்டியை மிஷினுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டேன். ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போய்த் தேய்க்க வேண்டும். பின் பாக்கெட்டில் தடியான பர்ஸை வைத்து உட்காராதீர்கள். இடுப்பு கோணும், அந்த வழியாகப் போகும் சயாட்டிக் நரம்பும் நசுங்கும். பர்ஸ் வைப்பவர்களுக்கு முன்பக்கம் ஓர் உள்பாக்கெட் கேட்காமலே வைத்துத் தருகிறேன்.

தசை எரிவதும் மறுநாள் கட்டி வலிப்பதும் இயல்பு. பிட்டத்திலிருந்து கால் வழியே மின்னல் போல இறங்கும் வலி, மரத்துப்போவது, காலில் பலம் குறைவது இருந்தால் பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று தள்ளக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாகப் படி. மார்கழி பிறந்ததும் நான் வாரம் இரண்டு நாள் குன்றக்குடி மலைப்படி ஏறுவேன். முழுப் பாதத்தையும் படியில் வைத்து, நெஞ்சைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, மேல் காலின் குதிகாலை அழுத்தி ஏறுங்கள். கீழ்க் காலால் உந்தித் தள்ளாதீர்கள், உந்தினால் கெண்டைக்கால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு படியிலும் இடுப்பு முழுதாக நிமிர்ந்த பிறகு அடுத்த காலை எடுங்கள். இறங்கும்போதுதான் மீடியஸ் களைத்திருக்கும், முட்டி உள்ளே சாயும். அதனால் கைப்பிடியைப் பிடித்து, அடுத்த பாதம் படியைத் தொடும்வரை மேல் கால் முட்டியைச் சுண்டுவிரல் திசையிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள். 2023 தையில் பழனி வரைக்கும் நடந்தேன். இரவு தங்கிய இடத்தில் எல்லாம் பாதத்துக்கு எண்ணெய் போடுவதற்கு முன் ஜமுக்காளத்தை விரித்து, பாலம் 10, சிப்பி பக்கத்துக்கு 10 செய்துவிட்டுத்தான் படுத்தேன். நத்தத்தில் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் மூன்று பேர் என்னவென்று கேட்டார்கள். அந்த எலாஸ்டிக் வளையம் அன்றிரவு நாலு பேர் முட்டியில் மாறி மாறிப் போய் வந்தது.